போஸ்டிங் நாட்களில் செவிலிய மாணவர்கள் தங்களை எப்படிப் பேணிக்கொள்வது?

கேள்வி: மூன்றாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி விடுதியில் தங்கியிருக்கிறேன். போஸ்டிங் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி நாட்களில் காலை ஏழரை மணிக்கு வார்டில் இருக்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும். மெஸ்ஸில் சிற்றுண்டி தயாராவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆகவே எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் ஒரு டம்ளர் தேநீரோடு கிளம்பி, பகல் ஒரு மணிக்குத்தான் அன்றைய முதல் உணவை உண்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. பிற்பகலில் வகுப்பு இருக்கிறது. அதன்பின் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்), கேஸ் ஸ்டடி, ரெக்கார்டு நோட்டு என்று எழுதி முடித்துப் படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது.

வார்டில் நீரிழிவு நோயாளிகளிடம் வேளை தவறாமல் உண்ண வேண்டும், போதிய நீர் குடிக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்று சுகாதாரக் கல்வி அளிக்கிறோம். அவற்றில் ஒன்றைக்கூட எங்களால் கடைப்பிடிக்க முடியவில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது. சென்ற போஸ்டிங்கின்போது என் தோழி ஒருத்தி டிரெஸ்ஸிங் டிராலியின் அருகிலேயே மயங்கி விழுந்தாள். பரிசோதித்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் 9 கிராம் அளவில்தான் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு ஆண்டுகளையும் ஓட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. போஸ்டிங் நாட்களிலும் தடையின்றித் தொடரக்கூடிய பழக்கங்கள் எவை? அடுத்த மாதம் எங்களுக்கு முதல் நைட் போஸ்டிங் தொடங்குகிறது. அதற்கு எப்படித் தயாராவது? நீர் குடிக்கவும் கழிவறை செல்லவும் டியூட்டரிடமோ (பயிற்சி ஆசிரியர்) இன்சார்ஜ் சிஸ்டரிடமோ (வார்டின் பொறுப்புச் செவிலியர்) அனுமதி கேட்பது ஒழுங்குக் குறைவாகக் கருதப்படுமா? இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். நாங்கள் பல நாட்கள் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துபோகும்போது ஏற்படும் துயரத்தை என்ன செய்வது? சீனியர்களிடம் கேட்டால் "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் வகுப்புக்கே உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை

தங்கைக்கு வணக்கம். எங்கள் வார்டுக்கு ஆண்டுதோறும் மாணவிகள் போஸ்டிங் வருகிறார்கள். பத்து மணிக்கு மேல் அவர்களுடைய முகம் வெளிறுவதைப் பார்த்தே யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எனவே உணவிலிருந்து தொடங்குகிறேன்.

கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உங்களுக்குத் தெரியும். 8 முதல் 10.9 வரையிலான அளவை உலக சுகாதார நிறுவனம் மிதமான ரத்தசோகை என வகைப்படுத்துகிறது. உங்கள் தோழி அந்த நிலையில் இருக்கிறார். அவர் கீரை சாப்பிட்டு மட்டும் அதிலிருந்து மீள முடியாது. மருத்துவரைப் பார்த்து, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருக்கிறதா, குடற்புழு இருக்கிறதா என்று காரணத்தையும் கண்டறிந்து, இரும்புச்சத்து மாத்திரையை முறையாக உட்கொள்ள வேண்டும். அளவு இயல்புக்கு வந்த பிறகும் உடலின் சேமிப்பு நிரம்புவதற்காக மாத்திரையைச் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. செவிலியம் படிப்பதனால் மட்டும் நாம் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிட மாட்டோம். உங்கள் வகுப்பில் உள்ள அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது.

காலையில் வெறும் தேநீரோடு கிளம்புவதில் இரட்டை இழப்பு இருக்கிறது. பசியை அது தற்காலிகமாக மறைத்துவிடுகிறது. உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் குறைக்கிறது. ஆகவே தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி வையுங்கள். மெஸ்ஸில் முந்தைய இரவே இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால் வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் பேருந்திலேயே உண்ணலாம். கொய்யாவும் நெல்லிக்காயும் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை. அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடல் ஏற்க உதவும்.

அடுத்தது நீர். கழிவறைக்குப் போக நேரம் கிடைக்காதே என்று அஞ்சி, காலையிலிருந்தே நீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகளை நான் நிறையப் பார்க்கிறேன். தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த்தொற்று என்று அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்களே நோயாளிகளுக்கு விளக்குகிறீர்கள். விழித்தவுடன் ஒரு டம்ளர் நீர் குடியுங்கள். கிளம்பும்போது இன்னொரு டம்ளர். வார்டுக்குள் நுழைவதற்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். காலை மருந்துகள் கொடுத்து முடிந்ததும், பக்கத்துப் படுக்கைகளைப் பார்க்கும் தோழியிடம் உங்கள் நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு ஐந்து நிமிடம் சென்று வாருங்கள். அவர் போகும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இருவராக இணைந்து இப்படி முறை வைத்துக்கொண்டால் வார்டில் எந்த வேலையும் நிற்காது. என் அனுபவத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பதைவிட இப்படியொரு ஏற்பாட்டோடு போய்ச் சொல்வது எளிதில் ஏற்கப்படுகிறது.

மாதவிடாய் நாட்களில் வெள்ளைச் சீருடை பெரும் கவலையைத் தருகிறது. அந்தக் கவலையில் கறை படிந்துவிடுமோ என்று குனியவே தயங்குகிறார்கள். சீருடைக்குள் கருநிறக் குட்டைக் காற்சட்டை அணிந்துகொள்ளுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கினை மாற்றுங்கள். ஒரு சிறிய பையில் மாற்று உள்ளாடையும் நாப்கினும் எப்போதும் இருக்கட்டும். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம். மாதந்தோறும் போஸ்டிங்குக்கே வர முடியாத அளவுக்கு வலி இருந்தால் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள்.

முதுகைப் பற்றி ஒரு சொல். நோயாளியைத் தூக்கும் முன் கட்டிலை உயர்த்தும் கைப்பிடியான கிராங்கைச் சுற்றி இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். உயர்த்த முடியாத கட்டிலாக இருந்தால் முழங்காலை மடியுங்கள், இடுப்பை வளைக்காதீர்கள். நோயாளியின் உடலுக்கு அடியில் விரிக்கும் டிரா ஷீட் என்ற துணியைப் போட்டு இருவராக நகர்த்துங்கள். "தனியாகச் செய்துவிட்டாள்" என்று யாராவது பாராட்டுவார்கள் என்பதற்காக இருபது வயதில் முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காலணியை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள்.

நைட் போஸ்டிங்கைப் பொறுத்தவரை தயாரிப்பு முந்தைய பிற்பகலிலேயே தொடங்க வேண்டும். ஒன்றரை மணி நேரமாவது படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். முக்கிய உணவை டியூட்டிக்கு முன்பே உண்டுவிடுங்கள். நள்ளிரவில் எளிதாகச் செரிக்கும் சிற்றுணவு போதும். விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை உடலின் வெப்பநிலையும் விழிப்புணர்வும் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில் மருந்தளவுக் கணக்கைத் தனியாகப் போட வேண்டாம். இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே கொடுங்கள். தேநீரும் காபியும் வேண்டுமானால் நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காபியிலுள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலிலேயே இருக்கும், காலைத் தூக்கத்தை அது கெடுக்கும். தூக்கக் கலக்கத்தோடு இருசக்கர வாகனம் ஓட்டாதீர்கள். அறைக்கு வந்ததும் சன்னலைத் திரையிட்டு இருட்டாக்கி, கைபேசியை ஒலியடக்கிவிட்டுப் படுங்கள்.

மறுமொழி: மாணவி ஒருத்தியின் தாய்

மகளே, நான் செவிலியர் இல்லை. என் மூத்த மகள் ஜி.என்.எம். என்ற செவிலியப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்பதால் உன் கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லாத அறையில் கெடாமல் இருக்கும் பண்டங்களை மட்டுமே நான் கொடுத்து அனுப்புகிறேன். வெல்லம் சேர்த்த எள்ளுருண்டையும் கடலை உருண்டையும் இரண்டு வாரம் தாங்கும். பொட்டுக்கடலையை வறுத்து மாவாக அரைத்துக் கொடுத்தால், காலையில் சர்க்கரையோடு வெந்நீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும். முளைகட்டிய கேழ்வரகை உலர்த்தி அரைத்த மாவையும் அனுப்புவேன்; ஆனால் அதைக் காய்ச்ச வேண்டும் என்பதால் மெஸ் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து ஒருவர் அனுப்புவது நான்கு பேருக்குப் பகிர்ந்துவிடும் என்று தெரிந்தே சற்றுக் கூடுதலாக அனுப்புகிறேன். மற்றத் தாய்மார்களும் அப்படியே செய்தால் ஒரு வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். உன் வீட்டில் இதைச் சொல்லத் தயங்காதே. பிள்ளை பட்டினியோடு வேலை பார்க்கிறாள் என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி: நர்சிங் டியூட்டர்

மாணவிக்கு வணக்கம். மேலே ஸ்டாஃப் நர்ஸ் சகோதரி எழுதியிருப்பவை அனைத்தும் பயனுள்ளவை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவருடன் மாறுபடுகிறேன். இருவராக இணைந்து முறை வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நீர் குடிப்பதற்கும் கழிவறை செல்வதற்கும் வழிசெய்யும் பொறுப்பை மாணவிகளின் சாமர்த்தியத்திடம் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. போஸ்டிங் அட்டவணையைத் தயாரிக்கும் எங்களுக்கே அந்தப் பொறுப்பு உண்டு. காலை ஏழரை முதல் ஒரு மணி வரை நிற்கும் ஒருவருக்குப் பதினைந்து நிமிட இடைவேளையை அட்டவணையிலேயே எழுதிவிட்டால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியான விடை: அனுமதி கேட்பது ஒழுங்குக் குறைவு அன்று. சர்வதேச செவிலியர் பேரவை 2021-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைக் கோவை, செவிலியர் தமது கண்ணியத்தையும் நலனையும் உடல்நலத்தையும் மதித்துக் காக்க வேண்டும் என்பதைத் தொழில்நெறியின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது.

கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. தனியொரு மாணவி போய்க் கேட்டால் அவருடைய உடல்நிலையைப் பற்றிய பேச்சாக அது சுருங்கிவிடும். பெரும்பாலான நர்சிங் கல்லூரிகளில் மாணவ செவிலியர் சங்கத்தின் கிளை இருக்கிறது. இந்தியாவில் அந்தச் சங்கம் 1929-இல் தொடங்கப்பட்டது. நடைமுறையில் விழாக்களுக்கும் போட்டிகளுக்கும் மட்டுமே அதை நினைவுகூர்கிறோம். அதன் ஆலோசகராக ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவர் வழியாக, வகுப்பின் சார்பில், மூன்று கோரிக்கைகளை மட்டும் எழுத்தில் கொடுங்கள். சிற்றுண்டியை ஆறரை மணிக்கே தயாராக்குவது, முற்பகலில் ஓர் இடைவேளை தருவது, நைட் போஸ்டிங்கில் இருப்பவர்களுக்குப் பகலில் தூங்க அமைதியான தனி அறை ஒதுக்குவது. இவற்றில் பெரும் செலவு எதுவும் இல்லை. வார்டனும் மெஸ் பொறுப்பாளரும் முதல்வரும் ஒரு முறை அமர்ந்து பேசினால் முடிந்துவிடும். மயங்கி விழுந்த மாணவியின் நிகழ்வையும் அதில் குறிப்பிடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கண்டிப்பாக உறைக்க வேண்டிய செய்தி.

இனி நீங்களே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். முதலாமாண்டில் டொரோதியா ஓரமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டைப் படித்திருப்பீர்கள். எல்லா மனிதருக்கும் பொதுவான எட்டுத் தேவைகளை அவர் கூறுகிறார்: காற்று, நீர், உணவு, கழிவு வெளியேற்றம், செயலுக்கும் ஓய்வுக்கும் இடையிலான சமநிலை, தனிமைக்கும் பிறருடன் பழகுவதற்கும் இடையிலான சமநிலை, ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பு, மனித இயல்போடு வளர்ந்து வாழ்தல். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்கிறோம், நோயாளியின் கேர் பிளானில் எழுதுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். என் மாணவிகளிடம் ஒவ்வொரு போஸ்டிங்கின் தொடக்கத்திலும் இந்த எட்டையும் தலைப்பாக வைத்துத் தங்களுக்கே ஒரு கேர் பிளான் எழுதச் சொல்கிறேன். அதை நான் திருத்துவதில்லை, மதிப்பெண்ணும் இல்லை. எழுதும்போதுதான் காரணம் வெளிப்படுகிறது. "தூக்கக் குறைவு" என்று எழுதிய பெண், "எதனோடு தொடர்புடையது" என்ற இடத்தில் "ரெக்கார்டை இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குவது" என்று எழுதினார். அப்போது தீர்வு தூக்க நேரத்தில் இல்லை என்பது புரிந்தது. நோயாளியிடம் தகவல் சேகரிக்கும்போதே அசெஸ்மென்ட் பகுதியை வார்டில் அமர்ந்து எழுதி முடித்துவிட்டு, அறையில் பிளானிங் மட்டும் எழுதும் வழக்கத்துக்கு அவர் மாறினார். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. ஒரே வாரத்தில் ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவ இயலாது. அரை மணி நேரம் முன்னதாகப் படுப்பதில் தொடங்குங்கள். எட்டுத் தேவைகளையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முயல வேண்டாம். ஒரு போஸ்டிங்குக்கு ஒன்று போதும்.

அந்த எட்டில் தனிமை பற்றிய தேவையை மாணவிகள் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ஓர் அறைக்கு ஐந்தாறு பேர் தங்கும் விடுதியில் ஒருவர் தனியாக அழுவதற்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மொட்டை மாடியோ, கல்லூரியின் பிரார்த்தனை அறையோ, மரத்தடியோ, எதுவாக இருந்தாலும் நாளில் கால் மணி நேரம் யாரும் அழைக்காத ஓர் இடம் உங்களுக்கு இருக்கட்டும். அதைச் சோம்பல் என்று அறைத்தோழிகள் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

இறப்பைப் பற்றிய உங்கள் கேள்விதான் என்னை விரிவாக எழுதத் தூண்டியது. "பழகிவிடும்" என்று சொல்பவர்கள் தீய எண்ணத்தில் சொல்வதில்லை. அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பழகுவது இரண்டு விதமாக நிகழ்கிறது. துயரத்தைத் தாங்கிக்கொண்டே அடுத்த நோயாளியிடம் கனிவோடு செல்லும் வலிமை ஒன்று; அது காலப்போக்கில் வருகிறது, வர வேண்டும். மற்றொன்று, நோயாளியைப் படுக்கை எண்ணாக மட்டும் பார்க்கத் தொடங்குவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தனது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை வரையறுத்தபோது மூன்று கூறுகளைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகி அதன்மீது கசப்பு கொள்ளுதல், செயல்திறன் குறைந்த உணர்வு. அதை ஒரு நோயாக அல்லாமல், நீடித்த பணி அழுத்தம் சரியாகக் கையாளப்படாததன் விளைவாகவே அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. இரண்டாவது விதமான பழக்கம் அந்தக் கூறுகளில் ஒன்று. மாணவப் பருவத்திலேயே அது தொடங்குவதை நான் பார்த்து வருகிறேன், அது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு நாள் போஸ்டிங்கின் முடிவிலும் போஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கலந்துரையாடல் நடக்கிறது அல்லவா? நோயாளி இறந்த நாளில் அதன் முதல் பத்து நிமிடத்தை அந்த மனிதரைப் பற்றிப் பேச ஒதுக்குமாறு உங்கள் டியூட்டரிடம் கேளுங்கள். அவர் யார், உங்களிடம் என்ன சொன்னார், அவருக்கு நீங்கள் என்னென்ன செய்தீர்கள், எது மனத்தை அறுக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். உடலைத் துடைத்து ஒழுங்குபடுத்தும் இறுதிப் பராமரிப்பை மாணவிகள் தனியே செய்யும்படி விடாமல், மூத்தவர் ஒருவர் உடனிருந்து செய்ய வேண்டும். அழுகை வந்தால் அழலாம். உறவினர் முன் கண்கலங்குவதால் செவிலியரின் தகுதி குறைந்துவிடாது. அவர்களைத் தாங்க வேண்டிய நேரத்தில் தாங்க முடிந்தால் போதும்.

ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பு என்ற தலைப்பில் ஒன்று மட்டும். பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் மாணவிகள் திட்டுக்கு அஞ்சி மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அந்த இடத்தைப் பிழியாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே தெரிவியுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது; 72 மணி நேரத்துக்குப் பிறகு அதனால் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

மறுமொழி: இறுதியாண்டு மாணவர்

வணக்கம். டியூட்டர் மேடமின் கருத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். எங்கள் அனுபவத்தில் ஒரே கல்லூரியின் மாணவர்களுக்கே வார்டுக்கு வார்டு நிலைமை மாறுகிறது என்பதால், அட்டவணையில் எழுதியதை வார்டு இன்சார்ஜ் சிஸ்டருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

இங்கே இதுவரை பேசப்படாத இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, நாமே மருந்து எடுத்துக்கொள்வது. மருந்துகளின் பெயரும் அளவும் நமக்குத் தெரிந்திருப்பதே இதற்குக் காரணமாகிறது. பட்டினியால் வரும் நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு ஒமெப்ரசோல், இரவு விழிப்பால் வரும் தலைவலிக்கு ஒரு வலி மாத்திரை, சளிக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்று விடுதியில் பலர் வாழ்கிறார்கள். அந்த மாத்திரைகள் மூலகாரணத்தை மறைத்துவிடுகின்றன. வெறும் வயிற்றில் போடும் வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்குகிறது. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கின் கேட்டை நுண்ணுயிரியல் பாடத்தில் நாமே படிக்கிறோம். நைட் போஸ்டிங் தொடங்கும்போது தூக்க மாத்திரையை யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சிரப் குடித்துக் காலம் கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாம் காசநோயாளிகளின் அருகில் நிற்கிறோம்.

இரண்டாவது, பேசுவதற்கு ஆள் இல்லாமல் இருப்பது. ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆண்களே படிக்கும்போது, ஆண் மாணவர்கள் தங்கள் மனச்சோர்வை எவரிடமும் சொல்வதில்லை. வீட்டில் சொன்னால் "இந்தப் படிப்பு எதற்கு என்று அன்றைக்கே சொன்னோமே" என்பார்கள். நண்பர்களிடம் சொன்னால் சிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் வரும். எங்கள் விடுதியில் நாங்கள் கண்ட வழி, மாலையில் ஒரு மணி நேரம் கட்டாயமாகக் கைப்பந்து விளையாடுவது. உடற்பயிற்சி என்பதைவிட, அன்று வார்டில் நடந்ததை ஆட்டத்தின் இடையே யாராவது ஒருவர் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பதுதான் அதன் பெரிய பயன். மாணவிகளின் விடுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை என்று கேள்விப்படுகிறேன். வளாகத்துக்குள் நடப்பதற்காவது அனுமதி வாங்குங்கள், டியூட்டர் மேடம் சொன்ன கோரிக்கைக் கடிதத்தில் அதையும் நான்காவதாகச் சேர்க்கலாம்.

இரவில் படுக்கையில் கைபேசியைப் பார்ப்பதைப் பற்றிப் பலரும் கண்டிப்பார்கள். நாள் முழுதும் பிறர் சொன்னதையே செய்த பிறகு, நமக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் அது என்பதால்தான் அதை விட மனம் வருவதில்லை. அதனால் மாலையிலேயே நமக்கென ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டால் இரவில் அந்த ஏக்கம் குறைகிறது. எனக்கும் அறைத்தோழர்களுக்கும் இது உதவியது.

துயரமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் தொடர்ந்தால், தூக்கமும் பசியும் மாறிவிட்டால், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அதைப் பலவீனம் என்று எண்ணாமல் உதவி கேளுங்கள். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையின் எண் அது, தமிழிலும் பேசுகிறார்கள். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். நாம் மனநல நர்சிங் போஸ்டிங்கில் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் சொல்லும் அதே சொற்கள் நமக்கும் பொருந்தும்.

கேட்டவர்: மூன்றாமாண்டு மாணவி

அக்காவுக்கும் அம்மாவுக்கும் டியூட்டர் மேடமுக்கும் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வகுப்புக் குழுவில் இந்த மறுமொழிகளைப் பகிர்ந்தேன். கோரிக்கைக் கடிதத்தைச் சங்கத்தின் ஆலோசகர் வழியாகக் கொடுக்க எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாலை நடைக்கான அனுமதியையும் சேர்த்திருக்கிறோம். தோழியைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம், அவள் மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிவிட்டாள். ஆனால் வயிறு பிரட்டுவதாகச் சொல்கிறாள், மலமும் கறுப்பாகப் போவதால் பயப்படுகிறாள். இன்னொரு ஐயமும் இருக்கிறது. ஊசி குத்துவது பற்றிப் படித்த பிறகு எங்களில் பலருக்கு இது தோன்றியது: முதலாமாண்டில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டோம். அதோடு போதுமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

மறுமொழி: ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை

டியூட்டர் மேடம் சொன்னது சரிதான். அட்டவணையிலேயே இடைவேளை இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. எங்கள் வார்டுக்கு வரும் கல்லூரிகளிடமும் இதைக் கேட்கப்போகிறேன்.

தோழியிடம் சொல்லுங்கள்: இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுப்பாவது இயல்பு. ஆனால் அது தார்போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் இருந்தாலோ, வயிற்றுவலி சேர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறும் வயிற்றில் போடும்போதுதான் குமட்டல் அதிகம். உணவுக்குப் பிறகோ இரவு படுக்கும் முன்போ எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும், நிறுத்திவிட வேண்டாம். பாலோடும் தேநீரோடும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

தடுப்பூசி மூன்றும் போட்டிருப்பது மிக நல்லது. எனினும் சிலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் போதிய எதிர்ப்புச்சக்தி உருவாவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடைசித் தவணை போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்தில் பார்ப்பது சரியான நேரம். மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். நீங்கள் போட்டு ஆண்டுகள் ஆகிவிட்டதால் இப்போது அளவு குறைவாகத் தெரிந்தாலும் பாதுகாப்பே இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. அப்படி வந்தால் பூஸ்டர் ஒன்று போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடியும் டைட்டர் பார்க்கச் சொல்வார்கள். தனித்தனியாக ஆய்வகத்துக்குப் போனால் செலவு கூடும். இணைப்பு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் வகுப்பாகச் சேர்ந்து கேளுங்கள், முடிவைத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்திவிட்டால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.